தா தூமே: கிரேக்க மொழி எதிர்காலத்தைத் தொலைச்சுட்டு மறுபடி செஞ்சுகிட்ட கதை

நான் கப்பல்ல தேர்ட் இஞ்சினியரா இருந்தப்ப எங்க சீஃப் இஞ்சினியர் ஒரு கிரேக்கர். கியோஸ் தீவுக்காரர், அறுபதை நெருங்கிட்டிருந்த மனுஷன். எதைக் கேட்டாலும் அவர்கிட்டேர்ந்து வர்ற பதில் ரெண்டே வார்த்தைதான்: "தா தூமே." பியூரிஃபையருக்கு ஸ்பேர் எப்ப சீஃப் வரும்? தா தூமே. அடுத்த போர்ட்ல கரைக்கு இறங்க விடுவாங்களா? தா தூமே. என் கான்ட்ராக்ட் முடிஞ்சு நாலு வாரம் ஆச்சே, ரிலீவர் எப்ப வருவான்? தா தூமே. முதல் ஒரு மாசம் நான் இதுக்கு அர்த்தம் "முடியாது"ன்னுதான் நினைச்சுக்கிட்டிருந்தேன், சொல்ற தொனி அப்படித்தான் இருக்கும், தோளை லேசா தூக்கி, புருவத்தை மேல ஏத்தி. அப்புறம் எங்க எலெக்ட்ரிஷியன், ருமேனியாக்காரர், சிரிச்சுட்டுச் சொன்னார், அதுக்கு "பாப்போம்"னு அர்த்தமாம். பாப்போம். நம்ம ஊர் ஆபீஸ்ல சொல்ற அதே பாப்போம்தான், அர்த்தமும் அதேதான், அதாவது முடியாது.

அதுலேர்ந்துதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடிச்சுது. "தூமே"ன்னா "நாம பாக்க"ங்கற மாதிரி ஒண்ணு, தனியா நிக்காது. "தா"ங்கற ஒத்தை அசைதான் அதை எதிர்காலமா மாத்துது. (நம்ம "தா" இல்ல, நாக்கு நுனியை பல்லுக்கு நடுவுல வெச்சு காத்து விடற தா. தமிழ்ல எழுத வேற வழியில்லாம தான்னே எழுதறேன், மன்னிச்சுக்கோங்க.) இன்னைக்கு கிரேக்கத்துல எந்த வினையை எடுத்தாலும் முன்னாடி ஒரு தா போட்டா வேலை முடிஞ்சுது. தா க்ராப்ஸோ, நான் எழுதுவேன். தா க்ராப்ஸிஸ், நீ எழுதுவ. தா க்ராப்ஸி, அவன் எழுதுவான். ஆள் மாறினா வினை மாறும், தா மட்டும் ஆணி அடிச்ச மாதிரி அப்படியே நிக்கும்.

ஒரு நாள் டீ டைம்ல சீஃப்கிட்டயே கேட்டேன், சீஃப், இந்தத் தான்னா என்ன? அவர் என்னை ஒரு மாதிரி பாத்தார். தான்னா தாதான், அதுக்கு என்ன அர்த்தம் இருக்கு, போய் டேங்க் சவுண்டிங் எடுன்னார். ஆனா அன்னைக்கு ராத்திரி வாட்ச் முடியற நேரத்துல அவரே வந்து, ரே பெதி மூ (அதாவது "டேய் புள்ள"), எங்க பாட்டி பாடற பாட்டுல தான்னு வராது, தெ நான்னு வரும், தெ நான்னா தெலி நான்னு எங்க வாத்தியார் சொல்லுவார்னு சொல்லிட்டுப் போயிட்டார். தெலின்னா "வேணும்னு நினைக்கிறான்". தெலோன்னா "எனக்கு வேணும்". எனக்கு அப்படியே தூக்கிவாரிப் போட்டுச்சு. தா அப்படின்னா "வேணும்"மா?

ஆமாம், வேணும்தான். ஆனா அங்க வந்து சேர்றதுக்கு ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு, நடுவுல ஒரு முழு எதிர்காலமே காணாமப் போச்சு.

முதல்லேர்ந்து வரேன். பழைய கிரேக்கத்துல, அதாவது பிளேட்டோ பேசின ஏதென்ஸ் கிரேக்கத்துல, இந்த தா கீ எதுவும் கிடையாது. எதிர்காலம் வினைக்குள்ளயே இருந்துச்சு, ஒரே ஒரு "ஸ்" சத்தமா. லூஓன்னா அவிழ்க்கிறேன், லூஸோன்னா அவிழ்ப்பேன். க்ராஃபோன்னா எழுதுறேன், க்ராப்ஸோன்னா எழுதுவேன். வேரு, நடுவுல ஸ், பின்னாடி விகுதி, அவ்வளவுதான், நம்ம "எழுது-வ்-ஏன்" மாதிரியே. இந்த ஸ் எங்கேர்ந்து வந்துச்சுன்னு தோண்டிப் பாத்தவங்க சொல்றது, இது அடிப்படையில "செய்ய ஆசைப்படறேன்"னு அர்த்தம் குடுத்த ஒரு பழைய விகுதியோட மிச்சம். கிரேக்கத்துலயே அதுக்கு ஒண்ணுவிட்ட அண்ணன் மாதிரி இன்னொரு விகுதி இருக்கு, -ஸெயோன்னு, த்ராஸெயோன்னா "செய்யணும்னு துடிக்கிறேன்", அதுலயும் அதே ஸ்.

சமஸ்கிருதத்துல இந்த ஆசை விகுதி நல்லாவே தெரியும். ஜிக்ஞாஸைன்னா தெரிஞ்சுக்க ஆசை. முமுக்ஷுன்னா மோட்சத்துக்கு ஆசைப்படறவன். ரொம்ப ஏன், நாம தினம் சொல்ற "சிகிச்சை" இருக்கே, அதுவும் அந்த அச்சுல வார்த்ததுதான், "கவனிச்சுப் பாக்க விரும்பறது"ன்னு ஆரம்பிச்சு வைத்தியம்னு ஆயிடுச்சு. கோயில்ல அர்ச்சகர் சங்கல்பம் பண்ணும்போது கடைசியில "கரிஷ்யே"ன்னு முடிப்பார் இல்லையா, அதுக்கு "செய்வேன்"னு அர்த்தம். அதுல இருக்கற ஷ், கிரேக்க லூஸோவுல இருக்கற ஸுக்கு சொந்தக்காரன்தான். அதுல இன்னொரு அழகும் இருக்கு. கரிஷ்யேங்கறது "எனக்காக நான் செய்வேன்"ங்கற உருவம், "கரிஷ்யாமி" இல்ல. கிரேக்கத்துலயும் நிறைய வினைகள் எதிர்காலத்துக்குப் போகும்போது மட்டும் இந்த "எனக்காக" உருவத்துக்குத் தாவிடும். அகூஓ, கேக்கறேன், சாதாரண உருவம். ஆனா "கேப்பேன்"னு சொல்லணும்னா அகூஸோமை. இரு, போ, சாப்பிடு, குடி, தெரிஞ்சுக்கோ, ஓடு மாதிரி அன்றாட வினைகள்ல பாதி இப்படித்தான். புதுசா கிரேக்கம் படிக்கறவனுக்கு இது பெரிய தலைவலி, ஆனா "ஆசை"ங்கறது உள்ளுக்குள்ள நடக்கற விஷயம்தானேன்னு யோசிச்சா கொஞ்சம் புரியற மாதிரி இருக்கு.

ஆனா ஒண்ணு சொல்லணும், இந்த ஸ் எதிர்காலம் எப்பவுமே கெட்டியா நின்ன கட்டடம் இல்ல. மேனோன்னா "தங்கறேன்", அதுக்கு எதிர்காலம் மெனோ, ஸ் எப்பவோ தேஞ்சு போச்சு, அழுத்தம் முன்னாடி விழுதா பின்னாடி விழுதாங்கறதுதான் வித்தியாசம். ஏதென்ஸ்காரங்க "போவேன்"னு சொல்ல எய்மின்னு சொன்னாங்க, பாக்க அது நிகழ்கால உருவம்தான். அப்புறம் பக்கத்துலயே சப்ஜங்க்டிவ்னு ஒரு போட்டியாளன் வேற. அதை நான் "செய்யலாம், செய்ய, செஞ்சா" வகைன்னு வெச்சுக்கறேன், நடக்காத, ஆனா நடக்கக்கூடிய விஷயத்தைச் சொல்ற உருவம். ஹோமரோட ட்ராய் யுத்தக் காவியமான இலியட்ல நெஸ்டார் கிழவர் முதல் பாட்டுலயே சொல்றார், அந்த மாதிரி ஆம்பளைங்களை நான் பாத்ததும் இல்ல, இனி பாக்கப்போறதும் இல்லன்னு. அந்த "பாக்கப்போறதும் இல்ல"க்கு அவர் எதிர்காலத்தைப் போடல, சப்ஜங்க்டிவைத்தான் போடறார். அதாவது ஹோமர் காலத்துலயே ரெண்டு பேருக்கும் எல்லைத் தகராறு இருந்திருக்கு.

சுத்தமான எதிர்காலமும் ஹோமர்ல இருக்கு, மயிர் கூச்செறியற மாதிரி. "எஸ்ஸெத்தை ஏமார்", ஒரு நாள் வரும், புனித ட்ராய் அழியற நாள். நாலாம் பாட்டுல அகமெம்னன் வெறியோட சொல்றான், ஆறாம் பாட்டுல அதே வரியை ஹெக்டர் தன் பொண்டாட்டிகிட்ட சொல்றான், எதிரியும் சொல்றான், அழியப்போறவனும் சொல்றான், வார்த்தை ஒண்ணுதான். கி.மு. 146ல கார்த்தேஜ் பத்தி எரியறதைப் பாத்துக்கிட்டு நின்ன ரோமானியத் தளபதி ஸ்கிப்பியோ இதே வரியைச் சொல்லி கண் கலங்கினார்னு ஒரு வரலாறு இருக்கு, பக்கத்துல நின்னவர் பாலிபியஸ், ஒரு கிரேக்கர். நாளைக்கு ரோமுக்கும் இதே கதிதானேன்னு. ரெண்டு ஸ் போட்ட அந்த எஸ்ஸெத்தை.

இந்த ஸ்ஸுக்கு என்ன கதி ஆச்சுன்னா, யாரும் அதைக் கொல்லல. அது பக்கத்து வீட்டுக்காரனோட குரலுக்கும் தன் குரலுக்கும் வித்தியாசம் தெரியாமப் போயி தொலைஞ்சுது.

விஷயம் இதுதான். பழைய கிரேக்கத்துல நம்ம மாதிரியே குறில் நெடில் உண்டு. ஒமிக்ரான்னா ஒ, ஒமேகான்னா ஓ. அந்தப் பேருக்கே அதுதான் அர்த்தம், சின்ன ஒ, பெரிய ஓ. "அவிழ்ப்போம்"னா லூஸொமென், குறில். "அவிழ்க்கலாம்"னா லூஸோமென், நெடில். அந்த ஒரே மாத்திரைதான் எதிர்காலத்துக்கும் சப்ஜங்க்டிவுக்கும் நடுவுல இருந்த சுவர். அலெக்சாண்டருக்கு அப்புறம் எகிப்து, சிரியான்னு எங்க பாத்தாலும் கிரேக்கம் பேச ஆரம்பிச்சாங்க, காலப்போக்குல குறில் நெடில் வித்தியாசமே நாக்குலேர்ந்து போயிடுச்சு. தமிழ்ல குறில் நெடில் போனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க, பல்லும் பாலும் ஒண்ணாயிடும், கொடுவும் கோடும் குழம்பிடும். அங்கயும் அதேதான். எகிப்து மணல்ல கிடைச்ச பாப்பிரஸ் கடிதங்கள்ல ஒமிக்ரான் வர வேண்டிய இடத்துல ஒமேகா, ஒமேகா வர வேண்டிய இடத்துல ஒமிக்ரான், சகட்டுமேனிக்கு. காதுக்கு வித்தியாசம் தெரியாதவன் கைக்கு எப்படித் தெரியும்? இது பத்தாதுன்னு எ, ஏ, இ வகையறால பாதி ஒண்ணொண்ணா எல்லாம் "இ"ன்னு ஆக ஆரம்பிச்சுது. "நீ அவிழ்ப்ப"வும் "நீ அவிழ்க்கலாம்"மும் ரெண்டுமே லிஸிஸ் (அந்த லூவும் பின்னாடி லி ஆயிடுச்சு). "நான்" வடிவம் ஆரம்பத்துலேர்ந்தே ரெண்டுக்கும் லூஸோதான். ஆக, முடிஞ்சுது கதை.

இதுக்கு எனக்குப் பிடிச்ச சாட்சி ஒண்ணு இருக்கு, சர்ச்சுக்குப் போறவங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச இடம். 1 கொரிந்தியர் 13:3. அன்பைப் பத்தின அதிகாரம், கல்யாணத்துல எல்லாம் வாசிப்பாங்க. தமிழ் பைபிள்ல "என் சரீரத்தைச் சுட்டெரிக்கப்படுவதற்குக் கொடுத்தாலும்"னு வரும். ரொம்பப் பழைய கையெழுத்துப் பிரதிகள் சிலதுல இந்த இடத்துல இருக்கற வார்த்தை கவ்கேஸோமை, "நான் பெருமை பேசிக்க". இன்னும் சிலதுல கவ்தேஸொமை, "நான் எரிக்கப்படுவேன்", ஸொ குறில், சுத்தமான எதிர்காலம். அப்புறம் வந்த பிரதிகள்ல பெரும்பாலும் கவ்தேஸோமை, எரிக்கப்படுவேன்தான், ஆனா நெடில் ஓ போட்டு, அதாவது எதிர்கால உடம்புல சப்ஜங்க்டிவ் வால். இலக்கணப்படி அப்படி ஒரு உருவமே கிடையாது! எதிர்காலத்துக்கு சப்ஜங்க்டிவ்னு கிரேக்கத்துல ஒண்ணு இருந்ததே இல்ல. முன்னாடி "ஹினா"ன்னு ஒரு சொல் இருக்கு, அதுக்குப் பின்னாடி சப்ஜங்க்டிவ் வரணும்ங்கறது பழக்கம், காதுல ரெண்டும் ஒரே மாதிரி, பிரதி எடுக்கறவர் கையில ஒமேகா விழுந்துடுச்சு. பேய் உருவம். ஆனா அந்தப் பேய் உருவத்துலதான், எதிர்காலம் கரைஞ்சுக்கிட்டிருக்கறதை நாம நேர்ல பாக்கறோம்.

இப்படி ஒரு காலமே கரைஞ்சா மொழி திண்டாடாதான்னு கேப்பீங்க. திண்டாடல. ஒரே சமயத்துல மூணு நாலு வழி ஏற்கெனவே தயாரா இருந்துச்சு. வெறும் நிகழ்காலத்தைப் போட்டு ஓட்டலாம், "நாளைக்கு வரேன்"னு நாம சொல்ற மாதிரி. இல்லன்னா மெல்லோன்னு ஒரு வினை, "செய்ய இருக்கேன்". இதுதான் கிரேக்க இலக்கணத்துல எதிர்காலத்துக்கே பேரு, கி.மு. 2ம் நூற்றாண்டுல டயோனிசியஸ் த்ராக்ஸ்ங்கற இலக்கணக்காரர் மூணு காலம் பிரிக்கும்போது மெல்லோன்னுதான் வெச்சார், இன்னைக்கும் பள்ளிக்கூடத்துல மெல்லொந்தாஸ்தான். இதுல வேடிக்கை என்னன்னா பழைய கிரேக்கத்துல மெல்லோவுக்கு இன்னொரு அர்த்தம் "இழுத்தடி, தயங்கு". நாடகங்கள்ல "ஏன் மெல்லோ பண்ற?"ன்னு திட்டுவாங்க. எங்க சீஃபை நினைச்சுக்கிட்டேன்.

அடுத்தது எகோ, "என்கிட்ட இருக்கு". செய்ய இருக்கு, அதனால செய்ய முடியும், அதனால செய்வேன்னு அர்த்தம் நழுவிப் போகும். ரோமாபுரி சாம்ராஜ்யத்தோட கடைசிக் காலத்துல கொஞ்சம் பேச்சு வாடையோட எழுதின கிரேக்கத்துல இது நல்லாவே புழங்குச்சு. அதே காலத்துல மேற்கே லத்தீன்லயும் இதே கதைதான், கன்தாரே ஹபேஓ, "பாட இருக்கு எனக்கு", அதுதான் ஒட்டித் தேஞ்சு ஃப்ரெஞ்சுல ஷான்த்ரே, "பாடுவேன்"னு ஆச்சு. ஃப்ரெஞ்சுக்காரன் "இருக்கு"ல நின்னுட்டான். கிரேக்கன் நிக்கல, "வேணும்"முக்குத் தாவிட்டான்.

தெலோ, எனக்கு வேணும். கிட்டத்தட்ட 11ம் நூற்றாண்டுலேர்ந்து ஜனங்க பேச்சுல இதுதான் மேல வருது. தெலோ க்ராப்ஸின், "எழுத வேணும் எனக்கு", அர்த்தம் "எழுதுவேன்". 14ம் நூற்றாண்டுல தெற்கு கிரேக்கத்துல பெலொபொனீஸ் பக்கம் ஃப்ராங்க் (மேற்கு ஐரோப்பிய) பிரபுக்கள் ஆட்சியைப் பத்தி எழுதின மொரேயா நாள்வரலாறுன்னு ஒரு நீண்ட செய்யுள் இருக்கு, அதுல பேச்சுக் கிரேக்கம் கொப்பளிக்கும், அங்க இந்த தெலோ எதிர்காலம் எல்லா இடத்துலயும் வரும். அர்த்தம் மாறிட்டதுக்கு ஆதாரம் என்னன்னா, ஆசையே பட முடியாததுக்கெல்லாம் தெலி வர ஆரம்பிச்சுடும். மழைக்கு என்ன ஆசை? ஊர் அழியறதுக்கு என்ன ஆசை?

இதுக்கு நடுவுல இன்னொரு பெரிய சாவு. இன்ஃபினிட்டிவ், நம்ம "எழுத", "போக" மாதிரி வர்ற செயவென் எச்சம், அதுவே கிரேக்கத்துல மெல்ல மெல்ல வழக்கொழிஞ்சுது. அதுக்குப் பதிலா அந்த பழைய ஹினா தேஞ்சு "நா"ன்னு ஆகி, நா க்ராப்ஸோ, "நான் எழுதும்படி". இப்ப ரெண்டு உருவம் கையில இருக்கு. தெலோ க்ராப்ஸின், கடைசி ன் விழுந்து தெலோ க்ராப்ஸி. அப்புறம் தெலோ நா க்ராப்ஸோ. ரெண்டும் கொஞ்ச காலம் "வேணும்"முக்கும் "வேன்"னுக்கும் நடுவுல அல்லாடிச்சு. அப்புறம் ஒரு தந்திரம் நடந்துச்சு, யாரும் திட்டம் போட்டு பண்ணல. எதிர்காலத்துக்கு மட்டும் தெலோவை "அவன்" வடிவத்துல உறைய வெச்சுட்டாங்க. தெலி நா க்ராப்ஸோ, தெலி நா க்ராப்ஸிஸ், ஆள் யாரா இருந்தாலும் தெலிதான். "வேணும்" அப்படிங்கற ஒரு வெத்து அசை. ஆள் இல்லாத ஆசை. அப்படி ஆனதும் அதை முழுசா சொல்ல யாருக்குப் பொறுமை இருக்கு? தெலி நா, தெ நா, தெனா, அப்புறம் ரெண்டு உயிரும் ஒரே மாதிரி ஆகி தனா, கடைசியில தா.

தமிழ் படிச்சவனுக்கு இது புதுசே இல்ல. "செய்ய வேண்டும்" என்ன ஆச்சு? செய்ய வேணும், செய்யணும். அந்த "ணும்" இருக்கே, அதைத் தனியா எடுத்துச் சொல்லுங்க பாப்போம், ஒரு அர்த்தமும் இருக்காது. ஆனா "வேணும்"ங்கற முழுச் சொல்லும் பக்கத்துலயே உசுரோட இருக்கு, டீ வேணும், காசு வேணும். கிரேக்கத்துலயும் தா ஒரு பக்கம், தெலோ ஒரு பக்கம். அதனாலதான் சீஃப் தான்னா தாதான்னார், அவருக்கு அதுல தெலோ கேக்கவே கேக்காது, நமக்கு "போகணும்"ல "வேண்டும்" கேக்காத மாதிரி.

க்ரீட் தீவு வெனிஸ்காரங்க கையில இருந்தப்ப, 1669ல துருக்கிக்குப் போறதுக்கு முன்னாடி, அங்க பேச்சு மொழியில பிரமாதமான கவிதையும் நாடகமும் எழுதினாங்க. எரோத்தோக்ரித்தோஸ் அதுல தலை, வெனிஸ்ல 1713ல அச்சாச்சு. அதை எடுத்து வெச்சுப் படிச்சா (நான் அகராதி பக்கத்துல வெச்சுக்கிட்டு ஒரு நாளைக்குப் பத்து வரி) பழசு புதுசு எல்லா எதிர்காலமும் ஒரே கவிதையில உக்காந்திருக்கும், தெலோ வகை, தெ நா வகை, தா வகை, அடிக்கு எத்தனை அசை வேணுமோ அதுக்கேத்த மாதிரி கவிஞர் எடுத்துப் போட்டுக்கறார். எனக்கு ஒரு கல்யாண வீட்டுல மூணு தலைமுறை ஒரே பந்தியில உக்காந்து சாப்பிடறதைப் பாத்த மாதிரி இருந்துச்சு.

சரி, மெஸ் ரூமுக்கு வருவோம். நான் இந்த தெலோ-தா கதையைப் பெருமையா எடுத்து விட்டதும் எங்க ருமேனிய எலெக்ட்ரிஷியன் சப்புன்னு, இதுல என்ன இருக்கு, எங்க ஊர்லயும் அப்படித்தான்னார். ருமேனியன்ல வ்ரேயவ்னா "வேணும்", "செய்வேன்"ங்கறது வோய் ஃபாச்சே, அந்த வோய் இதே மாதிரி ஒரு "வேணும்"தான். பேச்சுல ஓ ஸ ஃபாக்னும் சொல்லுவாங்களாம். அவர் லத்தீன் வழி வந்தவர், ஃப்ரெஞ்சுக்காரனுக்குப் பங்காளி, நியாயமா "இருக்கு" வகையில போயிருக்கணும். போகல. பல்கேரியன்ல ஷ்டெ, அதுவும் "வேணும்"லேர்ந்து. மாசிடோனியன்ல க்யெ, செர்பியன்ல சு, எல்லாம் அதே ஸ்லாவிய "வேணும்"மோட தேஞ்ச துண்டு. அல்பேனியன்ல தோ த, தோன்னா "அவனுக்கு வேணும்", த கிட்டத்தட்ட கிரேக்க நா செய்யற வேலையைச் செய்யும், அதாவது தெலி நாவை அப்படியே அச்சு எடுத்த மாதிரி. (வடக்கு அல்பேனியாவுல மட்டும் "இருக்கு" வகை நிக்குது.) இவங்க யாரும் கிரேக்கத்துக்குப் பொறந்த மொழிகள் இல்ல, தூரத்துச் சொந்தம்தான். ஆனா பல நூறு வருஷம் ஒரே மலைங்க, ஒரே சந்தை, ஒரே சர்ச், ஒரே சுல்தான், ஒரே வீட்டுல ரெண்டு மூணு மொழி. யார் யாரைப் பாத்து எடுத்தாங்கங்கற சண்டை மொழியியல்காரங்ககிட்ட இன்னும் ஓயல, சீஃப்கிட்ட கேட்டா அவருக்கு சந்தேகமே கிடையாது, எல்லாம் எங்ககிட்டேர்ந்துதான்னு மேசையைத் தட்டுவார், எலெக்ட்ரிஷியன் எந்திரிச்சுப் போயிடுவார்.

சைப்ரஸ்ல கதை வேற மாதிரி. லிமஸோல்ல ஒரு தடவை ட்ரை டாக்குக்காகக் கெடந்தப்ப அங்க வேலை பாக்கற ஆளுங்க பேசறதைக் கேட்டேன், "என்னா பாமே", "என்னா பாமே"ன்னு, அதாவது "போவோம்". எனக்கு ஒரு நிமிஷம் நம்ம ஊர் ஆளோன்னு திரும்பிப் பாத்தேன்! என்னாங்கறது அவங்க தா. அதுல நா அப்படியே நிக்குது, தெ பக்கம்தான் தேஞ்சு போச்சு. ஏதென்ஸ்காரன் நாவை விட்டுட்டு தெவோட தலையை வெச்சுக்கிட்டான், சைப்ரஸ்காரன் தலையை விட்டுட்டு நாவை வெச்சுக்கிட்டான். ஒரே கயிறு, ரெண்டு நுனி.

பிரேயஸ் துறைமுகத்துல காபி கடையில மரியாதையா காபி கேக்கணும்னா சொல்ற வாக்கியம், டூரிஸ்ட் புஸ்தகத்துல முதல் பக்கத்துலயே இருக்கும்: "தா ஈதெலா எனன் கஃபே." எனக்கு ஒரு காபி வேணும்ங்கறதைக் கொஞ்சம் பணிவா சொல்றது. இப்ப இதை உடைச்சுப் பாருங்க. ஈதெலாங்கறது தெலோவோட இறந்தகாலம். முன்னாடி இருக்கற தா, அதுவும் தெலோதான். ஆக, ஒரு காபிக்கு ரெண்டு "வேணும்". அந்தக் கடைக்காரம்மா இதை ஒரு நாளைக்கு நூறு தடவை கேக்கும், ஒரு தடவைகூட ரெண்டு வேணும் கேட்டிருக்காது. நான் இதைக் கண்டுபிடிச்ச சந்தோஷத்துல அந்தம்மாகிட்டயே சொல்லப் போயி, அது என்னை உத்துப் பாத்துட்டு, சக்கரை போடவா வேணாமான்னு கேட்டுச்சு.

தா எதிர்காலத்தோட நிக்கறதும் இல்ல. இறந்தகாலத்துக்கு முன்னாடியும் வரும். தா எக்ராப்ஸே, "எழுதியிருப்பான்". நிகழ்காலத்துக்கு, தா கிமாதே, "தூங்கிட்டு இருப்பான்", ஃபோன் எடுக்காதவனைப் பத்தி சொல்றது. பாத்தீங்களா, நாமளும் இதே இடத்துல எதிர்கால உருவத்தைத்தான் போடறோம், "இருப்பான்". நாளைக்கு நடக்கறதும் கண்ணுக்குத் தெரியாததும் ரெண்டுமே ஊகம்தானே, அதனால ஒரே பையில போட்டுடறோம். கட்டளைக்கும் எதிர்காலம் போகும், அது பழசு. பழைய ஏற்பாட்டோட கிரேக்க மொழிபெயர்ப்புல பத்துக் கட்டளை "கொல்லாதே"ன்னு இல்ல, ஊ ஃபொனெவ்ஸெய்ஸ், "நீ கொல்ல மாட்டாய்"னு ஸ் எதிர்காலத்துல இருக்கு. தமிழ் பைபிள்ல "கொலை செய்யாதிருப்பாயாக", அந்த "இருப்பாய்"ல எட்டிப் பாக்கறதும் எதிர்காலம்தான்.

இப்ப நான் ரொம்ப நாள் மனசுல வெச்சுக்கிட்டிருந்த ஒரு விஷயம். அந்தப் பழைய ஸ் தொலைஞ்சு போச்சுன்னு சொன்னேன் இல்லையா, அது முழு உண்மை இல்ல. இன்னைக்கு ஏதென்ஸ்ல ஒருத்தன் தா க்ராப்ஸோங்கறான். தாவை எடுத்துட்டுப் பாருங்க, க்ராப்ஸோ. பிளேட்டோ "எழுதுவேன்"னு சொல்ல என்ன சொன்னார்? க்ராப்ஸோ. எழுத்துக்கு எழுத்து அதே. இலக்கணப் புஸ்தகம் சொல்லும், இல்ல இல்ல, இது ஏயோரிஸ்ட் (செயலை முழுசா ஒரே வீச்சுல பாக்கற உருவம்) சப்ஜங்க்டிவ் வழி வந்தது, எதிர்காலம் வழி இல்லன்னு. சரி, "நீங்க" வடிவத்தைப் பாப்போம். பழைய சப்ஜங்க்டிவ் க்ராப்ஸேதெ, அந்த ஏ பின்னாடி இ ஆயிடுச்சு, அதனால அது நேரா வந்திருந்தா இன்னைக்கு க்ராப்ஸிதென்னு இருந்திருக்கணும். ஆனா இன்னைக்குச் சொல்றது தா க்ராப்ஸெதெ. பழைய எதிர்காலத்துல இருந்ததும் அதே க்ராப்ஸெதெதான்! அதுக்கு விளக்கம் நிகழ்கால விகுதிங்க இதுலயும் பரவிடுச்சுங்கறது, நியாயமான விளக்கம்தான், ஆனா ரெண்டு பேரும் குரல் ஒண்ணாகி ஒரே ஆளா ஆயிட்ட அப்புறம் இவன் வழியா வந்தான், அவன் வழியா வந்தான்னு பிரிக்கறதே எனக்கு அவ்வளவு சரியாப் படல. எழுத்துலயும் ஒரு வேடிக்கை. "தா க்ராப்ஸிஸ்"ல அந்த இஸ்ஸை 20ம் நூற்றாண்டுல சீர்திருத்தம் வரும் வரைக்கும் சப்ஜங்க்டிவ்னு காட்ட ஏட்டாங்கற எழுத்தைப் போட்டு எழுதினாங்க, காதுக்கு வித்தியாசம் இல்லாத வித்தியாசம், பிள்ளைங்களுக்கு வீண் தலைவலி. அதைத் தூக்கிட்டு சுலபமா எப்ஸிலான், இயோட்டான்னு ரெண்டு எழுத்தைப் போட்டாங்க. போட்டதும் அது பழைய எதிர்காலத்தோட எழுத்துக்கூட்டலாவே ஆயிடுச்சு. ரெண்டாயிரம் வருஷம் சுத்திட்டு வீட்டு வாசல்லயே வந்து நின்ன மாதிரி.

செத்துப் போன இன்ஃபினிட்டிவும் ஒரு மூலையில மூச்சு விட்டுக்கிட்டுத்தான் இருக்கு. எகோ க்ராப்ஸி, "எழுதியிருக்கேன்". அந்த க்ராப்ஸி ஆளுக்கு ஆள் மாறாது, ஏன்னா அது அந்த க்ராப்ஸின்னோட மிச்சம், "எழுத". அதுக்கு முன்னாடி தா போட்டா தா எகோ க்ராப்ஸி, "எழுதி முடிச்சிருப்பேன்". ஒரே வாக்கியத்துல வேணும், இருக்கு, எழுத, அதோட அந்த ஆதி ஸ், நாலு காலத்துச் சாமானும் ஒரே மூட்டையில.

சீஃப் ரிடையர் ஆகி கியோஸ்லயே செட்டில் ஆயிட்டார். மாஸ்டிக் மரம் வெச்சிருக்கார், வாட்ஸப்ல அதோட ஃபோட்டோவா அனுப்புவார். போன மாசம், எப்ப வரப் போற, பொண்டாட்டி புள்ளையைக் கூட்டிட்டு வான்னு எழுதினார். நான் ரொம்ப யோசிச்சு கிரேக்க கீபோர்டைத் தேடி எடுத்து, தா எர்தோ, "வருவேன்"னு டைப் பண்ணி அனுப்பினேன். கடைசி ஓவுக்கு அவசரத்துல ஒமிக்ரானைப் போட்டுட்டேன். ரெண்டு நிமிஷத்துல பதில் வந்துச்சு: ஒமேகா, ரே பெதி மூ, ஒமேகா.